பழைய லொறிக்குப் புதிய ஸ்பிரிங் செட்: உயரம் வேறு, விறைப்பு வேறு

லொறியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டால் ஸ்பிரிங்கின் பலம் போய்விட்டது என்று சொல்வது வழக்கம். ஸ்பிரிங் கடை பாஸும் அதையே சொல்வார். "தம்பி, இன்னொரு பட்டைய கூட்டிப் போட்டா கல்லு மாதிரி நிக்கும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. லொறியின் ஸ்பிரிங் செட் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய, வில்போல் வளைந்த உருக்குப் பட்டைகள்; அதில் கூடுதல் பட்டை ஏறியதும் லொறி நிமிர்ந்து நிற்கவே செய்யும். ஆயினும் தாழ்ந்துபோன உயரத்தை மீட்பதும் ஸ்பிரிங்கை விறைப்பாக்குவதும் தனித்தனி வேலைகள். முதலாவது மட்டுமே தேவைப்பட்ட இடத்தில் இரண்டாவதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, இறம்பொடையிலும் கடுகண்ணாவையிலும் பாரத்தோடு இறங்கும் லொறிகள் நிறையவே ஓடுகின்றன. பழைய லொறிக்கு ஸ்பிரிங் தெரிவு செய்வதில் எழும் மற்றக் கேள்விகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

எத்தனை கிலோகிராம் பாரத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் வளையும் என்பதே ஒரு ஸ்பிரிங்கின் விறைப்பு. அது பட்டைகளின் நீளம், அகலம், தடிப்பு, எண்ணிக்கை ஆகியவற்றையும் உருக்கின் மீள்தன்மையையும் பொறுத்தது. இவற்றில் எதுவும் ஓட்டத்தால் பெரிதாக மாறுவதில்லை. துரு தின்று தடிப்புக் குறைந்தால் ஒழிய, இருபத்தைந்து வருடம் உழைத்த பட்டையும் அதே அளவில் செய்யப்பட்ட புதிய பட்டையும் ஒரே பாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். மாறிப்போவது வில்வளைவு, அதாவது பாரமில்லாதபோது பட்டை வில்போல் வளைந்து நிற்கும் அளவு. அளவுக்கு மீறி ஏற்றிய பாரமும், பாரத்தோடு குழியில் விழுந்த அதிர்ச்சியும் உருக்கை அதன் மீளும் எல்லைக்கு அப்பால் தள்ளும்போது, பட்டை சிறிது சிறிதாக நிரந்தரமாகவே நேராகிவிடுகிறது. ஆகவே தாழ்ந்த செட்டுக்கு இயல்பான மாற்று, தொழிற்சாலை கொடுத்த அதே விறைப்பும் அதே வில்வளைவும் கொண்ட புதிய செட்தான். அதற்கு மேல் எதையாவது கேட்பதென்றால் அதற்குத் தனியான காரணம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்யப்பட்டு, அங்கே சில காலம் ஓடிய பின் ரீகண்டிஷனாக இங்கு வந்த மிட்சுபிஷி கேன்டர். அண்ணன் ஓட்டுகிறார், கணக்கும் பாகங்கள் வாங்குவதும் என் பொறுப்பு. கந்தப்பளை, இராகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்கோ தம்புள்ளைக்கோ இறங்கும். திரும்பி ஏறும்போது உரம், அரிசி, கோதுமை மா. இப்படிப்பட்ட லொறியை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கு என்று சொல்வது எளிது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி முழுமையாகத் திறக்க 2025 ஆகிவிட்டது. இடையில் 2022இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. இறக்குமதி திறந்த பின்னும் வரியோடு சேர்ந்த விலை சிறு லொறிக்காரரின் கைக்கு எட்டுவதாக இல்லை. அதனால் முப்பது வயது லொறிகளுக்கு ஸ்பிரிங் தேடுவது மலையகத்தில் இன்றும் அன்றாட வேலையாகவே இருக்கிறது.

வாங்கப் புறப்படுவதற்கு முன் குற்றம் ஸ்பிரிங்கில்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். லொறியை வெறுமையாக மட்டமான நிலத்தில் நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரிபார்த்து, அச்சின் மேற்புறத்திலிருந்து சேசிஸின் அடிவரை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்வது முதல் வேலை. (மலையகத்தில் மட்டமான நிலம் தேடுவதே தனி வேலை, பெற்றோல் நிரப்பு நிலையத்தின் கொங்கிரீட் தரையைத்தான் நாங்கள் நம்புகிறோம், அதுவும் மழைநீர் ஓடுவதற்காகச் சற்றுச் சரிவாகவே போடப்பட்டிருக்கும் என்பதால் லொறியைத் திருப்பி நிறுத்தி இரண்டாம் முறையும் அளக்கிறோம்.) ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் உடைந்த பட்டையையோ, பட்டை முனையின் வளையத்துக்குள் இருக்கும் புஷ் தேய்ந்திருப்பதையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நம் வீதிகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதாலும் நாம் இடப்பக்கமாக ஓட்டுவதாலும் இடப்பக்கச் செட் சற்றுக் கூடுதலாகச் சுமக்கிறது. ஆகவே இரு பக்கத்துக்கும் இடையில் சிறு வேறுபாடு இருப்பதில் வியப்பில்லை.

உடைந்த பட்டை சேற்றுக்கும் துருவுக்கும் அடியில் நன்றாக மறைந்துகொள்ளும். இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்த ஸ்பிரிங்கில் பாரம் ஏறும்போது ஒவ்வொரு பட்டையின் மேற்பரப்புத்தான் இழுபடுகிறது. வெடிப்பும் அங்கேயே பிறக்கிறது. பட்டைகளை ஒன்றாகக் கோர்க்கும் நடுப் போல்ட் செல்லும் துளை, ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ட்டின் தகட்டு விளிம்பு, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் நீளமான மெயின் பட்டையின் முனையில் வளையம் சுருளத் தொடங்கும் இடம் ஆகிய மூன்றையும் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் பார்க்க வேண்டும். செந்துரு நிறத்தில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அந்தப் பட்டையின் காலம் முடிந்தது. எங்கள் பக்கத்தில் உரம் ஏற்றும் லொறிகளுக்கு இது விரைவில் வருகிறது. சாக்கிலிருந்து சிந்தும் உரம் பனியிலும் மழையிலும் கரைந்து பட்டைகளுக்கிடையில் இறங்கி, நாட்கணக்கில் ஈரமாகவே நின்று இரும்பைத் தின்கிறது. துரு தின்ற ஒவ்வொரு பள்ளமும் ஒரு வெடிப்பின் தொடக்கமாகிவிடுகிறது.

அடுத்த கேள்வி லொறி உண்மையில் எவ்வளவு சுமக்கிறது என்பது. பதிவுச் சான்றிதழில் வெற்று எடையும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் இருக்கும். ஆனால் நாம் எல்லோரும் மூட்டைக் கணக்கில் நினைக்கிறோம், மூட்டைக் கணக்கோ எப்போதும் குறைவாகவே நிற்கும், ஈரமான லீக்ஸ் கட்டுகளைப் பொறுத்தவரையில் இன்னும் குறைவாக நிற்கும். வழக்கமான பாரத்தோடு எடைப்பாலத்தில் ஒருமுறை ஏறி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதற்கு ஆகும் சிறு செலவு, தவறான செட் வாங்குவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிடும்போது ஒன்றுமே இல்லை. ஜப்பானில் இரண்டு தொன் வகுப்பாக விற்கப்பட்ட லொறியில் இங்கே நான்கு தொன் ஏறுகிறது என்றால், அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஸ்பிரிங்கைப் பற்றியதன்று. அச்சு, சில்லுப் பெயரிங், பிரேக், சேசிஸ் எவையும் ஸ்பிரிங்கோடு சேர்ந்து பலமாகிவிடுவதில்லை. தடித்த ஸ்பிரிங் செய்வதெல்லாம் அளவுக்கு மீறிய பாரத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது மட்டுமே.

ஏற்றும் பொருளும் ஓடும் வழியும் சேர்ந்தே விறைப்பை முடிவு செய்ய வேண்டும். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியை எடுத்துக்கொள்வோம். கொழுந்து இடத்தை அடைக்குமே தவிரப் பெரும் பாரமில்லை. ஆனால் மலைச்சரிவில் வெட்டிய கல்பாதையில் முன் இடச் சில்லு மேட்டிலும் பின் வலச் சில்லு மேட்டிலும் ஒரே நேரத்தில் ஏற, வண்டி முழுவதும் முறுக்குண்டே நகர்கிறது. ஸ்பிரிங் இளகிக் கொடுக்காவிட்டால் அந்த முறுக்கைச் சேசிஸ் வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் அசையும் துண்டான ஷெக்கிளின் தாங்கியைச் சுற்றிய ஆணிகள் தளர்ந்து, பிறகு அந்த இடத்தில் சேசிஸே வெடிக்கும். இப்படிப்பட்ட லொறிக்கு விறைப்பான செட் போடுவது அதற்குச் செய்யும் கெடுதல். மரக்கறி லொறியின் கதை வேறு. அது தார் வீதியில் ஓடுகிறது, பாரமும் உயரமும் கூடுதலாக இருக்கிறது, முடக்குகளில் சாயாமல் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஓரளவு விறைப்புத் தேவை. ஆனால் அந்த விறைப்பைப் பிரதான செட்டிலிருந்து எடுப்பதைவிட, பாரம் ஏறிய பின் மட்டுமே தொழிற்படும் ஹெல்பர் செட்டிலிருந்து எடுப்பதே நல்லது. வெறுமையாக வரும்போது ஹெல்பர் தொடாமல் நிற்பதால் பின்சில்லுகள் குழிகளில் துள்ளாமல் வீதியைப் பற்றிக்கொள்கின்றன.

இப்போது கொஞ்சம் கணக்கு. பட்டைச் செட் ஒன்றின் விறைப்புப் பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமாகவும், தடிப்பின் கனத்துக்கு, அதாவது 9 × 9 × 9 என்பதுபோல் தடிப்பைத் தன்னோடு தானே பெருக்கி வரும் எண்ணுக்கு, நேர்விகிதமாகவும் அமைகிறது. 9 மில்லிமீற்றர் பட்டைகள் 7 கொண்ட செட்டுக்கு அந்த எண் 7 தடவை 729, அதாவது 5103. அதில் அதே தடிப்பில் ஒரு பட்டையைக் கூட்டினால் 5832. விறைப்பு ஏறக்குறைய 14 வீதம் கூடுகிறது. ஏழு பட்டைகளும் 10 மில்லிமீற்றராக இருந்தால் 7000. இது 37 வீதக் கூடுதல். "ஒரு பட்டை கொறைவுதான் தம்பி, ஆனா தடிப்பு நல்லது" என்று சொல்லி 10 மில்லிமீற்றர் பட்டைகள் 6 கொண்ட செட்டைக் கடைக்காரர் நீட்டினால், எண்ணிக்கை குறைந்திருந்தும் அது மூலச் செட்டைவிட ஏறக்குறைய 18 வீதம் விறைப்பானது. ஒரு மில்லிமீற்றர் என்பது கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஸ்பிரிங்குக்கு அது பெரிய விடயம். நீளத்திலும் இதே கணக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது: நீளம் 5 வீதம் குறைந்தால் விறைப்பு ஏறக்குறைய 17 வீதம் கூடும். பட்டையை எண்ணி வாங்குகிறவர்கள் பலர். வேர்னியர் அளவுகோல் கொண்டு அளந்து வாங்குகிறவர்கள் சிலரே.

மலையகத்தில் இந்த எண்கள் சமவெளியில் இருப்பதைவிடக் கனமானவை. நம் மரக்கறி லொறிகளின் ஓட்டம் விசித்திரமானது: பாரத்தோடு இறங்குகின்றன, பெரும்பாலும் அதைவிடக் குறைந்த பாரத்தோடு ஏறுகின்றன. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இறம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகப் பேராதனைக்கு இறங்கும் ஏ5 வீதியில் லொறி ஏறக்குறைய 1400 மீற்றர் உயரத்தை இழக்கிறது. லொறியும் பாரமும் சேர்ந்து 5 தொன், பாரமையம் தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அச்சுகளுக்கிடையில் 3.3 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 8 சரிவில் ஒரே வேகத்தில் இறங்கும்போதே 160 கிலோகிராம் அளவு பாரம் பின் அச்சிலிருந்து முன் அச்சுக்கு நகர்கிறது. அதே சரிவில் ஓட்டுநர் வேகத்தைக் கணிசமாகக் குறைக்கும்படி பிரேக்கை அழுத்தினால், நகரும் பாரம் 750 கிலோகிராம் வரை போய்விடும். பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று பின்பக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம், இறக்கத்தில் உண்மையில் உழைப்பது முன் ஸ்பிரிங் என்பதை மறந்துவிடுகிறோம்.

முன் ஸ்பிரிங் பாரம் தாங்குவதோடு நிற்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது சில்லு நிற்க முயல, அச்சே சுழல முயல்கிறது. அந்தச் சுழற்சியை அடக்கி வைப்பது ஸ்பிரிங்தான். தளர்ந்த முன் ஸ்பிரிங் அப்போது எஸ் வடிவில் நெளிகிறது. அச்சு முன்னோக்கிச் சற்றுத் திரும்ப, ஸ்டியரிங் தண்டின் முனையும் இடம் மாறி, ஓட்டுநர் ஸ்டியரிங்கை அசைக்காமலே லொறி ஒரு பக்கம் இழுக்கிறது. பிரேக் டிரம்மைக் கழற்றி லைனிங்கை எத்தனை முறை மாற்றினாலும் இந்த இழுப்புப் போகாது. முன் செட்டில் வில்வளைவு குறைந்துவிட்டதா, யூ-போல்ட் தளர்ந்துவிட்டதா என்று பார்க்காமல் பிரேக்குக்குச் செலவழிப்பது வீண். மறுபுறம், முன்பக்கத்தை உயர்த்துவதற்காக அதிக வளைவான பட்டை போட்டால் ஸ்டியரிங் தண்டின் சாய்வு மாறி, ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் கையில் உதைக்கும். முன்பக்கத்துக்குத் தொழிற்சாலை அளவைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பின்பக்கத்திலும் பிரேக்கோடு ஒரு மறைமுகத் தொடர்பு இருக்கிறது. விறைப்பான செட்டுக்கு எதிராக என்னிடமுள்ள மிகப் பெரிய வாதம் இதுவே. சில லொறிகளில் சேசிஸில் ஒரு வால்வு பொருத்தப்பட்டு, அதிலிருந்து ஒரு மெல்லிய தண்டு பின் அச்சுக்குப் போகும். பாரம் ஏறி ஸ்பிரிங் இறங்கும்போது அந்தத் தண்டு அசைந்து, பின்சில்லுகளுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கூட்டும். வெறுமையாக இருக்கும்போது பின்சில்லு இறுகி வழுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கும். அந்த வால்வுக்கு எடை தெரியாது. உயரம் மட்டுமே தெரியும். விறைப்பான செட் போட்ட லொறியில் முழுப் பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் போதிய அளவு இறங்காது. லொறி வெறுமையாக இருக்கிறது என்று வால்வு கருதிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முன் பிரேக்குகள் எல்லா வேலையையும் செய்து சூடேறி, கணவாயின் பாதியிலேயே பிடி குறையத் தொடங்கும். தன் லொறியில் இந்த வால்வு இருக்கிறதா என்று குனிந்து பார்த்த லொறிக்காரர்கள் குறைவு. பல இடங்களில் தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது முன்பு வேலை செய்த யாரோ கம்பியால் கட்டி வைத்திருப்பார்கள். ஸ்பிரிங் மாற்றும் நாளே அதைச் சரிசெய்வதற்கும் உரிய நாள்.

இனி எங்கே வாங்குவது. கொழும்பில் பஞ்சிகாவத்தை இருக்கிறது. ஜப்பானில் கழற்றப்பட்ட பழைய செட்டுகள் அங்கே கிடைக்கும். அளவு சரியாக இருக்கும், உருக்கு நல்லதாக இருக்கும், விலையும் தாங்கக்கூடியதாக இருக்கும். ஆனால் வடக்கு ஜப்பானில் பனிக்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவுகிறார்கள். அந்த வீதிகளில் ஓடிய லொறியின் பட்டைகளுக்கிடையில் உப்புத் துரு இறங்கியிருக்கும். மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து அழகாக வைத்திருப்பார்கள். பட்டைகளைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பது தவறில்லை. கழற்ற மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பதும் தவறில்லை. இன்னொரு சிக்கல், அந்தச் செட்டும் நம்முடையதைப் போலவே வருடக்கணக்கில் உழைத்தது என்பது. தாழ்ந்துபோன நம் செட்டுக்குப் பதிலாக வேறொருவரின் தாழ்ந்துபோன செட்டை வாங்கி வரும் அபாயம் உண்டு. எனவே பாரமில்லாத நிலையில் வில்வளைவை, இரு வளையங்களின் மையத்தையும் நூலால் இணைத்து நடுவில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். இரு பக்கச் செட்டும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும்.

புதிதாக இந்தியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வருபவை உண்டு. நாட்டைப் பார்த்துத் தரம் சொல்லிவிட முடியாது; பட்டையில் பொறித்திருக்கும் குறியைப் பார்த்துக் கேட்கலாம். ஜப்பானியத் தரத்தில் எஸ்யூபி 9, அமெரிக்க எண்ணில் 5160 ஆகியவை குரோமியம் கலந்த ஸ்பிரிங் உருக்குகள். லொறிப் பட்டைகளுக்கு நன்கு பழகியவை. ஆனால் உருக்கின் பெயர் பாதிக் கதைதான். பட்டையை ஏறக்குறைய 850 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, பிறகு 460 முதல் 510 பாகை வரையில் மீண்டும் சூடாக்கி அந்தக் கடினத்தை வேண்டிய அளவுக்குத் தணிக்க வேண்டும். அதன் பின் நல்ல தொழிற்சாலைகள் இழுபடும் மேற்பரப்பைச் சிறு உருக்கு மணிகளால் அடித்து அமுக்கி வைக்கின்றன. வெடிப்புப் பிறப்பதை அது வெகுவாகத் தள்ளிப்போடுகிறது. கடையில் இவற்றையெல்லாம் சோதிக்க வழியில்லை. நான் செய்வது ஒன்றுதான்: நல்ல அரமொன்றைப் பட்டையின் ஓரத்தில் தேய்த்துப் பார்ப்பேன். சரியாகக் காய்ச்சித் தணித்த பட்டையில் அரம் சிரமப்பட்டே பிடிக்கும். சாதாரண இரும்பில் பிடிப்பதுபோல் எளிதாகச் சீவிக்கொண்டு போனால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது வழி, பழைய பட்டைகளையே கொல்லுப் பட்டறையில் கொடுத்து வளைத்து வாங்குவது. மலையகத்தில் இது பரவலாக நடக்கிறது; செலவும் குறைவு. பட்டறைக்காரர்களின் கைத்திறனை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். அதே லொறிப் பட்டையிலிருந்து அவர்கள் அடித்துக் கொடுக்கும், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கு நிகரான கத்தி கடையில் கிடைப்பதில்லை. ஆனால் கத்திக்கு வேண்டிய பதம் வேறு, ஸ்பிரிங்குக்கு வேண்டிய பதம் வேறு. கத்தியின் பதத்தை சூட்டில் தோன்றும் வைக்கோல் நிறமும் நீல நிறமும் பார்த்துக் கண்ணால் பிடித்துவிடலாம். அந்த நிறங்களெல்லாம் 300 பாகைச் சுற்றுவட்டாரத்தில் முடிந்துவிடுகின்றன. ஸ்பிரிங்குக்கு வேண்டிய 480 பாகையில் நிறம் மங்கிச் சாம்பலாகிவிட்டிருக்கும், இரும்பு தானாக ஒளிரவும் தொடங்கியிருக்காது. வெப்பமானி இல்லாத உலையில் அந்த இடத்தைக் கண்ணால் பிடிப்பது எவருக்கும் கடினம். குறைவாகத் தணித்தால் பட்டை ஒருநாள் கண்ணாடியாக உடையும். கூடுதலாகத் தணித்தால் சில மாதங்களில் மீண்டும் தாழும். காய்ச்சாமல் குளிர்ந்தபடியே சுத்தியலால் அடித்து வளைத்தால் உயரம் வருவது உண்மை; அது நீண்ட நாள் நிற்பதில்லை என்பதும், சுத்தியல் தழும்புகள் இழுபடும் மேற்பரப்பிலேயே விழுகின்றன என்பதும் உண்மை. பின் ஹெல்பர் பட்டைக்கு, அதுவும் வேறு வழியில்லாதபோது, இதை ஏற்கலாம். முன் செட்டின் மெயின் பட்டைக்கு ஏற்கவே கூடாது. பட்டையை வெல்டிங் செய்து ஒட்டுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்; சேசிஸில் வேறெங்கோ வெல்டிங் செய்யும்போது ஏர்த் கிளிப்பை ஸ்பிரிங்கில் மாட்டுவதைக்கூடத் தடுக்க வேண்டும்.

ஒரே ஒரு பட்டை உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். செட் கழன்று கிடக்கும்போது பார்த்தால், கீழே போகப் போகக் குட்டையான பட்டைகள் கூடுதலாக வளைந்திருப்பதும், ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் நடுவில் இடைவெளி தெரிவதும் புலப்படும். அந்த இடைவெளி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. நடுப் போல்ட்டை இறுக்கும்போது குட்டைப் பட்டைகள் மெயின் பட்டையை எதிர்ப்பக்கம் வளைத்து, அதற்கு ஒரு முன்தாங்கலைக் கொடுக்கின்றன. பிரேக்கின் முறுக்கையும் முடக்குகளின் பக்கத்தள்ளலையும் தனியாகச் சுமக்கும் மெயின் பட்டைக்கு அந்தச் சலுகை தேவை. பழைய, நேராகிப்போன பட்டைகளுக்கு நடுவில் புதிய, நன்கு வளைந்த ஒன்றைச் செருகினால், மற்றவை சுமக்க வேண்டியதையும் அந்தப் புதியதே சுமந்து விரைவில் உடையும். புதிய பட்டை உடைந்ததற்குப் பட்டையைக் குறைசொல்வார்கள். மாற்றுவதென்றால் முழுச் செட்டாக, அதே அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை.

பின்னாளில் வந்த லொறிகளில் நடுவில் தடித்து முனைகளில் மெலிந்த, இரண்டு மூன்று பட்டைகள் மட்டும் கொண்ட பரவளைவுச் செட்டுகளைக் காணலாம். எடை குறைவு, இளக்கம் அதிகம். ஆனால் பழைய பல்பட்டைச் செட்டில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும். பரவளைவுச் செட்டில் அந்த உரசல் இல்லாததால் ஷொக் அப்சோபர்கள் நல்ல நிலையில் இருந்தே ஆக வேண்டும். பழைய லொறிக்கு இதை மாற்றிப் போடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

கடைக்குப் போகும்போது லொறியின் பெயரும் வருடமும் மட்டும் போதாது. ஒரே கேன்டரில் பல சில்லிடைத் தூரங்களும் பல பார வகுப்புகளும் உண்டு. ஒரே வருடத்து இரண்டு லொறிகளின் செட்டுகள் பொருந்தாமல் போகலாம். பட்டையின் அகலம், தேயாத இடத்தில் ஒவ்வொரு பட்டையின் தடிப்பு, வளையத்தின் உள்விட்டம், நடுப் போல்ட்டின் தலையின் விட்டம் ஆகியவற்றோடு, முன் வளையத்திலிருந்து நடுப் போல்ட் வரையும் நடுப் போல்ட்டிலிருந்து பின் வளையம் வரையும் தனித்தனியே அளந்து கொண்டுபோக வேண்டும். பல செட்டுகளில் இந்த இரண்டு நீளங்களும் சமமாக இருப்பதில்லை. வேறுபாடு 20 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், செட்டை முன்பின் மாற்றிப் பூட்டும்போது அச்சும் 20 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அப்படிப் பூட்டப்பட்டால் லொறி நண்டைப்போல் ஒருச்சாய்ந்து ஓடி டயரைத் தின்னும்.

செட்டுக்குப் பெருந்தொகை கொடுத்துவிட்டுச் சிறு பாகங்களில் மிச்சம்பிடிப்பதுதான் என்னை எப்போதும் எரிச்சலூட்டுவது. யூ-போல்ட்டை மீண்டும் பூட்டக்கூடாது. இறுக்கும்போது சிறிது நீண்டு இழுவிசையைத் தாங்குமாறு செய்யப்பட்ட அது, கழற்றிய பின் அதே பிடியைத் தருமென்று நம்ப முடியாது. இழை துருப்பிடித்திருந்தால் ஸ்பானரின் பலம் உரசலிலேயே செலவாகி, இறுகிவிட்டது என்ற நம்பிக்கை மட்டுமே மிஞ்சும். யூ-போல்ட் தளர்ந்தால் நடுப் போல்ட் அறுபடும், அல்லது பட்டை நடுத்துளையில் உடையும். நடுவில் உடைந்த பட்டைகள் பலவற்றின் பின்னால் இருப்பது தளர்ந்த யூ-போல்ட்தான். புஷ், பின், நடுப் போல்ட் எல்லாமே புதிதாக இருக்கட்டும். பூட்டும்போது பட்டைகளுக்கிடையில் கிரபைட் கிரீஸ் மெல்லிதாகப் பூசலாம். பழைய என்ஜின் எண்ணெயை மாதாமாதம் ஸ்பிரிங்கில் விசிறும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அது ரப்பர் புஷ்ஷைக் கெடுத்து, மணலையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது.

ரப்பர் புஷ் உள்ள லொறியில் ஷெக்கிள் நட்டுகளைக் கடைசியாக இறுக்க வேண்டிய நேரம், சில்லுகள் தரையில் நின்று ஸ்பிரிங் லொறியின் எடையைச் சுமக்கும்போதுதான். ஜாக்கில் தொங்கும்போதே இறுக்கினால் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முதல் பாரப் பயணம் முடிந்ததும் யூ-போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து, பெயின்ட் நசுங்கி, பிடி சற்றுத் தளர்ந்திருக்கும். புதிய செட்டின் உயரமும் முதல் சில பாரங்களில் கொஞ்சம் குறையும், அது குறைபாடன்று. அது படிந்த பிறகு, முன்பு அளந்த அதே தரையில் லொறியை வெறுமையாகவும் பாரத்தோடும் நிறுத்தி அளந்து, அந்த உயரத்துக்கே பிரேக் வால்வின் தண்டை அந்த லொறியின் கைநூல் சொல்லும்படி சரிசெய்ய வேண்டும். தண்டில் அடையாளமிட்டு, அளவுகளைச் சேவைப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை பின்பக்கம் தாழ்ந்ததாகத் தோன்றும்போது கடைக்குப் போவதற்கு முன் எடுத்துப் பார்க்க ஓர் எண் இருக்கும்.